1952 பிஎஸ்ஏ பேன்டம் டி1: பெட்டில வாங்கி, கட்டி, 1,400 மைல் ஓட்டினதுக்கு அப்புறம்

ஒரு வண்டியப் பத்தி ஆயிரம் மைலாவது ஓட்டாம வாயத் திறக்கக் கூடாதுங்கிறது எங்கப்பா பழக்கம், அதான் இந்த ரிவ்யூ இவ்ளோ லேட்டு. கட்டி முடிச்சப்போ ஸ்பீடோமீட்டர ஜீரோல வச்சேன், போன ஞாயித்துக்கிழமை 1,400 தாண்டிருச்சு. இப்ப எழுதலாம்னு தோணுது.

வண்டி 1952 மாடல் பிஎஸ்ஏ பேன்டம் டி1. 123 சிசி டூ ஸ்ட்ரோக், மூணே கியர், நாலரை குதிரைசக்தி, எடை ஒரு மூட்டை அரிசிய விட கொஞ்சம்தான் கூட. பின்னாடி பிளஞ்சர் சஸ்பென்ஷன், அதாவது பின் வீல் அச்சு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்ல மேல கீழ ஆடும். 6 வோல்ட், பேட்டரியே கிடையாது, லைட்டுக்கு கரண்ட் நேரா மேக்னட்டோலேர்ந்து, அதாவது இன்ஜினோட சேர்ந்து காந்தம் சுத்தி கரண்ட் குடுக்கிற பாகத்துலேர்ந்து வருது. நான் இருக்கிறது பர்மிங்காம் தெற்குப் பக்கம். பிஎஸ்ஏன்னா பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், 1861ல துப்பாக்கி செய்றவங்க ஒண்ணா சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, அதனாலதான் டேங்க்ல இருக்கிற சின்னத்துல மூணு துப்பாக்கிய ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு நிறுத்தி வச்சிருக்கும். அவங்க பேக்டரி இருந்த ஆர்மரி ரோடு எங்க வீட்லேர்ந்து சைக்கிள்லயே போயிட்டு வர்ற தூரம். 1940 நவம்பர்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டப்போ அங்க நைட் வேலைல இருந்த 53 பேர் செத்துட்டாங்க. அதுக்கப்புறம் எட்டே வருஷத்துல அதே கம்பெனி ஜெர்மன்காரன் டிசைன வச்சே இந்த வண்டிய வெளியில விட்டுச்சுங்கிறது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

ஆமா, டிசைன் பிரிட்டிஷ் கிடையாது. சோப்பாவ்ங்கிற ஊர்ல டிகேடபிள்யூ கம்பெனில ஹெர்மன் வெபர்னு ஒரு இன்ஜினியர் போட்ட ஆர்டி125 தான் இதோட மூலம். போர் முடிஞ்சதும் நஷ்டஈடுன்னு டிராயிங் எல்லாம் கைமாறி, ரஷ்யாக்காரங்க ஒண்ணு செஞ்சாங்க, அமெரிக்கால ஹார்லி டேவிட்சன் ஒண்ணு செஞ்சாங்க, இங்க பிஎஸ்ஏ செஞ்சாங்க. பிஎஸ்ஏகாரங்க மட்டும் இன்ஜின கண்ணாடில பார்க்கிற மாதிரி இடத்த வலமாத் திருப்பிட்டாங்க, ஏன்னா அப்ப இந்த ஊர் ஆளுங்களுக்கு கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. அதே ஆர்டி125 பார்த்துதான் 1955ல யமஹாவும் தன்னோட மொத மோட்டார் சைக்கிள் ஒய்ஏ-1 செஞ்சாங்க. அப்படிப் பார்த்தா நம்ம ஊர்ல ஆர்எக்ஸ்100னா உசுர விடுற அத்தனை பேருக்கும் இந்த பேன்டம் பெரிய தாத்தா முறை ஆகுது.

நான் இத வாங்கினதுக்கு மொத காரணம் லைசென்ஸ். ஊர்ல பதினஞ்சு வருஷம் பைக் ஓட்டினேன், ஆனா அந்த லைசென்ஸ் இங்க வந்து பன்னெண்டு மாசம்தான் செல்லும், அப்புறம் கார் லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு பைக்க அப்படியே விட்டுட்டேன். இங்க சிபிடின்னு ஒரு நாள் டிரெய்னிங் இருக்கு, அத முடிச்சா எல் போர்டு ஒட்டிக்கிட்டு 125 சிசி வரைக்கும் ரெண்டு வருஷம் ஓட்டலாம், மோட்டார்வேல போகக்கூடாது, பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது, அவ்ளோதான். பழைய பிரிட்டிஷ் வண்டின்னு ஆசைப்பட்டா முக்காவாசி 350, 500னு இருக்கும், அதுக்கு பெரிய டெஸ்ட் வேணும். பேன்டம் டி1 மட்டும் 123 சிசில அழகா உள்ள வந்துடுது. இதுக்கப்புறம் வந்த டி3 148 சிசி, டி5, டி7 எல்லாம் 172 சிசி, அதெல்லாம் எல் போர்டுல ஓட்ட முடியாது, வாங்குறதுக்கு முன்னாடி இத நல்லா மனசுல வச்சுக்கோங்க.

வண்டி வந்தது ஒரு பிரேம், ரெண்டு வீல், மூணு பெட்டி, ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய நட்டு போல்ட்டு. 1,150 பவுண்டு. வித்தவர் மாமனார் 1970கள்ல பிரிச்சுப் போட்டு அப்படியே ஷெட்ல விட்டுட்டுப் போன வண்டி. நான் மொத்தம் ரெண்டு வண்டி பார்த்திருந்தேன், ஒண்ணு பெயிண்ட் பளபளன்னு, 2,600 பவுண்டு, இன்னொண்ணு இது. பளபளப்ப நம்பாதீங்கன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாரு, அவருக்கு வயசு எண்பதுக்கு மேல, இந்த ஊர் டூல்ரூம்லயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பெயிண்ட் அடிச்சவன் உள்ள கை வச்சானான்னு உனக்கு எப்படித் தெரியும், பெட்டில இருக்கிறதாவது கண்ணுக்குத் தெரியுதுன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரின்னு இப்ப நானே சொல்றேன். பேன்டம் வாங்குறவங்க அழுக்கா இருந்தாலும் பரவால்ல, எல்லா பார்ட்டும் இருக்கானு பார்த்து வாங்குங்க. இன்ஜின் உள் பார்ட்டு, கேபிள், ரப்பர் எல்லாம் புதுசாவே கிடைக்கும், லட்சக்கணக்குல ஓடின வண்டி இது. ஆனா அசல் பட்டையான சைலன்சர், ஹெட்லைட் கூடு, டூல் பாக்ஸ், மட்கார்டு இதெல்லாம் புதுசா செஞ்சு விக்கிறாங்க, வளைவு ஒண்ணும் பொருந்தாது. என்னுதுல இதெல்லாம் துருப்பிடிச்சு இருந்துச்சே தவிர, இருந்துச்சு.

பிரிக்க ஆரம்பிச்ச மொத நாளே ஸ்பானர் பிரச்சனை. என்கிட்ட இருந்த மில்லிமீட்டர் செட்ல 11 லூசு, 10 ஏறல. இந்த வண்டில இருக்கிறது விட்வொர்த், பிஎஸ்எப்னு பழைய பிரிட்டிஷ் இஞ்சு அளவு மரைங்க, அப்புறம் சைக்கிள் திரெட்டுன்னு சொல்ற சிஇஐ, அது இஞ்சுக்கு 26 மரை. இதுல என்ன கொழப்பம்னா விட்வொர்த் ஸ்பானர் மேல போட்டிருக்கிற நம்பர் நட்டோட அகலம் கிடையாது, போல்ட்டோட தண்டு எவ்ளோ தடிமனோ அது. அதனால கால் இஞ்சுன்னு எழுதியிருக்கிற ஸ்பானர் வாய் அரை இஞ்சுக்கு மேல இருக்கும். இது தெரியாம நான் அட்ஜஸ்டபிள் ஸ்பானர போட்டு ஒரு நட்டோட மூலைய மழுக்கிட்டேன். பெரியவர் வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசல, வீட்டுக்குப் போயி ஒரு கேன்வாஸ் சுருள் கொண்டு வந்து பிரிச்சாரு, உள்ள ஏழு ஸ்பானர், ஒவ்வொண்ணும் கை பட்டுப் பட்டு வழுவழுன்னு, அதுல ஒண்ண எடுத்து நட்டுல வச்சாரு, டக்குனு உக்காந்துச்சு. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. இப்ப அந்த செட்டு என்கிட்டதான் இருக்கு, எனக்கே குடுத்துட்டாரு.

இன்ஜின் இறக்குறது ரொம்ப சுலபம், நான் ஒருத்தனாவே தூக்கி டேபிள்ல வச்சேன். ஹெட்டு அலுமினியம், பேரல் வார்ப்பு இரும்பு. பேரல கழட்டினா பிஸ்டன் மேல கருப்புக் கரி ஒரு ரூபா காசு கனத்துக்கு. கேஸ ரெண்டாப் பிளந்தா அடியில கோந்து மாதிரி பழைய ஆயில், அத வழிச்சு எடுக்கும்போது அந்த வாசனை, எங்கப்பா ராஜ்தூத்துக்கு ஆயில் கலந்து பெட்ரோல் போடுவாரே, அதே வாசனை, நாப்பது வருஷம் பின்னாடி கொண்டு போயிருச்சு. நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

பிக் எண்ட்ல, அதாவது பிஸ்டன் ராடு கிராங்க்ல சேர்ற முனைல, ஆட்டம் இருந்துச்சு. கிராங்க் ரெண்டு பிளைவீல நடுவுல பின்ன அழுத்தி ஏத்தினது, வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது, பிரஸ் வச்சிருக்கிற ஆளுகிட்ட குடுத்தேன், புது ராடு, பின்னு, பேரிங் போட்டு நேர் பார்த்துக் குடுக்க 190 பவுண்டு. போர் 52 மில்லிமீட்டர், 20 தவ் (ஒரு தவ்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) போரிங் போட்டு புது பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்த்து 140. கிளட்சுல கார்க், ஆமா பாட்டில் மூடி கார்க்கேதான், எண்ணெய்ல ஊறி வேலை செய்யும், அது காஞ்சு சுருங்கிக் கிடந்துச்சு, புதுசு வாங்கி ராத்திரி பூரா ஆயில்ல ஊறவச்சுப் போட்டேன்.

இப்ப நான் பண்ணின தப்பு. பேன்டம் கட்டப் போற ஒவ்வொருத்தரும் இத படிக்கணும்னுதான் இந்த ரிவ்யூவே எழுதுறேன்.

டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸ்ங்கிறது சும்மா கிராங்க் சுத்துற எடம் இல்ல, அதுவே பம்பு. பிஸ்டன் மேல போகும்போது கார்பரேட்டர்லேர்ந்து கலவைய உள்ள இழுக்கும், கீழ வரும்போது அத அமுக்கி மேல அனுப்பும். அந்தப் பம்பு காத்துப் புகாம இருக்கிறதுக்கு கிராங்க் ரெண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கு. நான் மேக்னட்டோ பக்கத்து சீல ஏத்தும்போது தண்டுல சாவிக்குழி இருக்கிறத யோசிக்கல, அதோட விளிம்பு பிளேடு மாதிரி, சீலோட உதட்ட ஒரு நூல் அளவுக்கு கிழிச்சிருச்சு. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. வண்டி மூணாவது கிக்குல ஸ்டார்ட் ஆச்சு, தெருவே புகை, பையன் குதிக்கிறான், வீட்ல போட்டோ எடுக்கிறாங்க, எல்லாரும் சந்தோஷம். ஆனா ஆக்ஸிலேட்டர விட்டாலும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காம ஒரு மாதிரி இழுத்துக்கிட்டே நின்னு அப்புறம் இறங்குச்சு. கேபிள் டைட்டா இருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். அதுதான் சொல்லுச்சு, நான் கேக்கல.

நாப்பதாவது மைல்ல ஹென்லி-இன்-ஆர்டன் போற ஏ3400 ரோட்ல ஒரு ஏத்தம், செகண்ட் கியர்ல நல்லா முறுக்கிப் போறேன், திடீர்னு யாரோ பின்னாடி கட்டியிழுத்த மாதிரி வேகம் போயி, பின் வீல் கிறீச்சுனு தேய்க்குது. கை தானா கிளட்ச அமுக்கிருச்சு, ஓரமா உருட்டி நிறுத்திட்டேன், இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே புடிக்கல. பிஸ்டன் புடிச்சிருச்சு. இருபது நிமிஷம் ஆற விட்டு கிக்கர மெதுவா அழுத்தினா இறங்குச்சு. பிளக்க கழட்டிப் பார்த்தேன், மூக்கு வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி. கிழிஞ்ச சீல் வழியா வெறும் காத்து உள்ள போயி, பெட்ரோல் கம்மி, பெட்ரோல்ல கலந்த ஆயிலும் கம்மி, சூடு ஏறி, பிஸ்டன் விரிஞ்சு, பேரல்ல ஒட்டிக்கிச்சு. திரும்ப இன்ஜின் இறக்கி, புது சீல், இந்த தடவை சாவிக்குழி மேல இன்சுலேஷன் டேப்பு சுத்தி, கிரீஸ் தடவி, மெதுவா ஏத்தினேன். ஆறு பவுண்டு சீலு. பிஸ்டன்ல கோடு விழுந்த எடத்த எமரி ஷீட்ல தேய்ச்சு சரி பண்ண முடிஞ்சுது, அது என் அதிர்ஷ்டம்.

அதனால ரெண்டு விஷயம் நினைவு வச்சுக்கோங்க. ஆக்ஸிலேட்டர் விட்டும் ஆர்பிஎம் இறங்கலைன்னா காத்து எங்கயோ புகுதுன்னு அர்த்தம், ஓட்டாதீங்க. அதே கிளட்ச் பக்கத்து சீல் போச்சுன்னா காத்துக்குப் பதிலா அந்தப் பக்கத்து ஆயில இழுத்துக்கும், அப்ப புகை நிக்கவே நிக்காது, ஆயில் லெவல் மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகும்.

மேக்னட்டோ கதை சின்னதா முடிச்சுடறேன். விக்கோ-பேசி மேக்னட்டோ, அதுல இருக்கிற காந்தம் எழுபது வருஷத்துல சோர்ந்து போயிருக்கும், காயில் இருக்கிற ஸ்டேட்டர்லேர்ந்து வெளிய எடுத்து சும்மா வச்சா இன்னும் சோர்ந்துடும், எடுத்த உடனே மேல இரும்பு வளையம் போட்டு வைக்கணும். என்னுது ஷெட்ல ஐம்பது வருஷம் தனியாக் கிடந்தது. ரீமேக்னடைஸ் பண்ணி, புது காயில் போட்டு 120 பவுண்டு, பாயிண்ட் கேப்பு 15 தவ் வச்சேன், ஸ்பார்க் நீலமா சொடக்குப் போட்ட மாதிரி வருது. இந்தச் செலவ தள்ளிப் போடாதீங்க. பேன்டம் ஸ்டார்ட் ஆகலன்னு கார்பரேட்டரோட மல்லுக்கட்டுறவங்க நிறையப் பேர பார்த்துட்டேன், பாவம், கோளாறு காந்தத்துல இருக்கு.

பெயிண்ட்டு மிஸ்ட் கிரீன், டேங்க் ரெண்டு பக்கமும் கிரீம் கலர் பட்டை. ஒரு மாதிரி இளம் பாசிப்பயறு கலர்னு வச்சுக்கோங்க. நல்லா வந்திருக்கு, 420 பவுண்டு. குரோம் மட்டும் வயித்தெரிச்சல். ஹேண்டில்பார், சைலன்சர், சின்னச் சின்ன பார்ட் எல்லாம் ஒரு பிளேட்டிங் கடைல குடுத்தேன், பேரு வேணாம், 300 பவுண்டு வாங்கிட்டு நாலு மாசம் இழுத்து குடுத்தாங்க, அசல் சைலன்சர பாலிஷ் வீல்ல வச்சு அழுத்தி மீன்வால் மாதிரி இருக்கிற அந்த நுனிய சன்னமா தேய்ச்சு ஓட்டை போட்டுட்டாங்க. திரும்பக் கேட்டா அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னு பதில். குடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பார்ட்டையும் போட்டோ எடுத்து, லிஸ்ட் எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. இன்னொண்ணு, கொரியப் போர் சமயத்துல நிக்கல் தட்டுப்பாடு, 1952 வாக்குல வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலதுலயும் குரோமே கம்மி, பெயிண்ட்தான் அடிச்சு விட்டாங்க. இது முன்னாடி தெரிஞ்சிருந்தா பாதிய குரோமுக்கே குடுத்திருக்க மாட்டேன்.

பேப்பர் விஷயம் பலர் பயப்படுறாங்க, பயப்பட வேணாம். வண்டிக்கு இப்பத்திய ரெஜிஸ்ட்ரேஷன் இல்ல, ஆனா பிஸ்கட் டப்பாவுக்கு அடியில அந்தக் காலத்து பழுப்பு கலர் லாக்புக் இருந்துச்சு. பழைய காலத்துல கவுன்சில் ஆபீஸ்ல வச்சிருந்த கணக்கு, வண்டி ரெஜிஸ்டர் பண்ற அரசு ஆபீஸான டிவிஎல்ஏவோட கம்ப்யூட்டருக்கு மாறினப்போ 1983க்குள்ள சொல்லாத வண்டி நம்பர் எல்லாம் விட்டுப் போச்சு. அத மீட்கிறதுக்கு வி765னு ஒரு பார்ம் இருக்கு, ஓனர்ஸ் கிளப் ஆளுங்க பிரேம் நம்பர், இன்ஜின் நம்பர், லாக்புக் எல்லாம் ஒத்துப் பார்த்து கையெழுத்து போட்டா அசல் நம்பர் திரும்பக் கிடைக்கும், அத வேற வண்டிக்கு மாத்தவோ தனியா விக்கவோ முடியாது. எனக்கு கிடைச்சிருச்சு. நம்பர் வந்த கவர பிரிச்ச அன்னிக்கு எனக்கு ஸ்டார்ட் ஆன நாள விட சந்தோஷம். நாப்பது வருஷம் தாண்டின வண்டிக்கு ரோடு டாக்ஸ் கிடையாது, பெரிய மாத்தம் பண்ணாதவரைக்கும் எம்ஓடின்னு வருஷா வருஷம் பண்ற வண்டி சோதனையும் கட்டாயம் இல்ல. நான் இருந்தாலும் எம்ஓடி போட்டேன், பிரேக்க இன்னொரு ஆள் ஒரு தடவ பார்த்தா நமக்குத்தான் நிம்மதி.

இப்ப ஓட்டுறது. பெட்ரோல் டேப்ப திறந்து, கார்பரேட்டர்ல இருக்கிற டிக்லர ஒரு விரலால அமுக்கினா மிதவை இறங்கி பெட்ரோல் கொஞ்சம் விரல்ல கசியும், சோக்க மூடி, கிக்கர ஒரு தடவ சும்மா, ரெண்டாவது தடவ முழுசா. பட படன்னு புடிச்சதும் ஒரு பத்து செகண்ட்ல சோக்க திறந்துடணும். ஐடில்ல நாலு வெடி வெடிச்சு ஒண்ணு விட்டு மறுபடி வெடிக்கும், டூ ஸ்ட்ரோக் அப்படித்தான், லோடு ஏறினா சுதி சேர்ந்துடும்.

வலது கால் கியருக்கு நான் மொத வாரம் ரொம்ப கஷ்டப்பட்டேன். அவசரத்துல காலு பழக்கத்துக்கு பிரேக்னு நெனச்சு கியர அமுக்கும். காலியா இருக்கிற கார் பார்க்ல ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் நிறுத்து, கிளம்பு, நிறுத்து, கிளம்புன்னு பழகினதுக்கு அப்புறம்தான் ரோட்டுக்கே எடுத்தேன். தயவு செஞ்சு இத யாரும் விட்டுடாதீங்க.

பிரேக் 5 இஞ்ச் டிரம். முன்னாடி வண்டிக்கும் உங்களுக்கும் இப்பத்திய பைக்குல விடுற இடைவெளிய மூணு மடங்கா விடுங்க. முன் போர்க்ல ஸ்பிரிங்கும் கிரீஸும் மட்டும்தான், டேம்பிங் கிடையாது, குழில விழுந்தா ரெண்டு மூணு தடவ ஊஞ்சல் ஆடிட்டுத்தான் அடங்கும். பிளஞ்சர் முதுக காப்பாத்துது, பின்னாடி ஸ்பிரிங்கே இல்லாத ரிஜிட் பிரேம் வண்டி ஒண்ண ஓட்டிப் பார்த்தேன், அரை மணி நேரத்துக்கு மேல என்னால முடியல. ராத்திரி ஓட்டாதீங்க. பேட்டரி இல்லாததால சிக்னல்ல நின்னா இன்ஜின் வேகம் குறைஞ்சு ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மங்கிடும், முறுக்கினா வெளிச்சம் வரும். நான் இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்கு வந்துடறேன்.

இவ்ளோ சொல்லிட்டு எதுக்கு ஓட்டுறன்னு கேப்பீங்க. மணிக்கு 35 மைல்ல, நம்ம கணக்குல 56 கிலோமீட்டர், இந்த வண்டி ஒரு ராகத்துல உக்காந்துடும். அதுக்கு மேல 45 வரைக்கும் போகும், ஆனா அதுக்கு அது பாடு படுது, கைல அதிர்வு தெரியும். 35ல அப்படி இல்ல. வார்விக்‌ஷயர் சின்ன ரோடுகள்ல ரெண்டு பக்கமும் வேலி உயரமா, மே மாசம் பூரா அதுல வெள்ளைப் பூ, வண்டி லேசா இருக்கிறதால இடுப்ப லேசா சாய்ச்சாப் போதும் திரும்பிடும், 19 இஞ்ச் வீலு, டயர் அகலம் உள்ளங்கைல முக்கால்வாசிதான், சைக்கிள் ஓட்டுற மாதிரியே இருக்கும், ஆனா மிதிக்க வேணாம். ஏத்தத்துல எப்ப கியர் குறைக்கணும்னு காது சொல்லும். இறக்கத்துல மட்டும் ஒரு கவனம் வேணும், ஆக்ஸிலேட்டர ஒரேயடியா மூடிட்டு இறங்கினா இன்ஜின் சுத்திக்கிட்டே இருக்கும் ஆனா பெட்ரோலோட வர்ற ஆயில் உள்ள போகாது, அதனால நடுவுல நடுவுல லேசா முறுக்கி ஒரு வாய் குடுத்துக்கிட்டே வரணும்.

இந்த வண்டில கனடாலேர்ந்து மெக்ஸிகோ வரைக்கும் போன பொம்பளை ஒருத்தங்க இருக்காங்க, பெக்கி ஐரிஸ் தாமஸ், 1950கள் ஆரம்பத்துல, பின்னாடி ஒரு பெரிய ஏர்டேல் நாய வேற உக்கார வச்சுக்கிட்டு. ஹென்லி ஏத்தத்துல எனக்கு பயம் வர்றப்பல்லாம் அவங்கள நெனச்சுக்குவேன்.

ஹென்லி ஐஸ்கிரீமுக்கு பேர் போன ஊர், ஞாயித்துக்கிழமை அங்க நிறுத்தினா ஐஸ்கிரீம் வாங்கி முடிக்கிறதுக்குள்ள நாலு பேர் வந்துடுவாங்க. எங்கப்பாகிட்ட ஒண்ணு இருந்துச்சும்பாங்க, நான் கத்துக்கிட்டதே இதுலதான்பாங்க, இப்படியே. ஒரு தடவ ஒரு தாத்தா வந்து ரொம்ப நேரம் பேசாம நின்னு பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு, என்னுது சிவப்பு கலர், காலுக்கு முன்னாடி மழை படாம தகடு இருக்கும், நான் தந்தி கொண்டு போனேன்னு. போஸ்ட் ஆபீஸ்ல தந்திப் பசங்களுக்கு பேன்டம்தான் குடுத்தாங்க, இங்க 1982ல தந்தி நின்னு போச்சு, நம்ம ஊர்ல 2013 வரைக்கும் இருந்துச்சு. நான் அவர்கிட்ட சொன்னேன், எங்க ஊர்ல தந்தி வந்தாலே வீட்ல பிரிக்கிறதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சுடுவாங்கன்னு. இங்கயும் அப்படித்தான்ப்பா, அதனால தெரு முனைல வரும்போதே வேகத்தக் குறைச்சிடுவேன், சத்தம் கேட்டு பயந்துடக் கூடாதுல்லன்னாரு. கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ரப்பர் ஹாரன ஒரு தடவ அமுக்கிப் பார்க்கட்டுமான்னு கேட்டாரு. அது ஒரு அழகான ஏற்பாடு, ஹேண்டில்ல ரப்பர் உருண்டை, ஹாரன் குழாய் ஸ்டியரிங் தண்டுக்குள்ளயே போகும். பாம்னு அடிச்சாரு. அவர் முகத்த நான் மறக்க மாட்டேன்.

பெட்ரோல் கேலனுக்கு 110 மைல் கிட்ட குடுக்குது, லிட்டருக்கு 39 கிலோமீட்டர்னு வருது. டேங்க் மூடிக்கு அடியிலயே ஆயில் அளக்கிற கப்பு இருக்கு, நான் இருந்தாலும் தனியா அளந்து மொத 300 மைலுக்கு 25க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 200 மில்லி, அதுக்கப்புறம் 32க்கு 1 கலக்கிறேன். 2021 செப்டம்பர்லேர்ந்து இங்க சாதா பெட்ரோல் எல்லாம் ஈ10 ஆயிருச்சு, அதுல இருக்கிற எத்தனால் பழைய டியூப், வாஷர், டேங்க் உள்ள பூசின சீலர் எல்லாத்தையும் அரிச்சுடும், அதனால சூப்பர்னு விக்கிற ஈ5 மட்டும் போடுறேன். மாசக்கணக்குல நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா கார்பரேட்டர்ல இருக்கிறத எரிய விட்டு காலி பண்ணிடுங்க.

மொத்த செலவு வண்டி விலையோட சேர்த்து 3,200 பவுண்டு ஆச்சு. விக்கப் போனா இவ்ளோ கிடைக்குமானு கேட்டா, கிடைக்காது. லாபத்துக்கு வாங்குற வண்டி இது இல்ல. தினம் ஆபீஸ் போக வாங்காதீங்க, டூயல் கேரேஜ்வேல பின்னாடி லாரி வந்து நிக்கும்போது 40ல ஓடுறது ஆபத்து. ஆனா மொத தடவையா ஒரு வண்டிய கடைசி நட்டு வரைக்கும் பிரிச்சு தன் கையால கட்டணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இத விட நல்ல வண்டி எனக்குத் தெரிஞ்சு இல்ல. இன்ஜின ஒரு ஆள் தூக்கலாம், வால்வு இல்ல, டைமிங் செயின் இல்ல, ஆயில் பம்பு இல்ல, அசையுற பார்ட்ட விரல் விட்டு எண்ணிடலாம். வேலைக்குப் போற சாதாரண ஆளு சனிக்கிழமை மதியம் வீட்டு வாசல்ல உக்காந்து தானே பார்த்துக்கணும்னு யோசிச்சு செஞ்ச வண்டி, அந்த யோசனை ஒவ்வொரு நட்டுலயும் தெரியுது.

பிஎஸ்ஏ 1970கள் ஆரம்பத்துல நொடிச்சுப் போச்சு, ஆர்மரி ரோட்டு பேக்டரில பெரும்பகுதி இடிச்சாச்சு. அந்தப் பேரு 2016லேர்ந்து மஹிந்திராவோட கிளாசிக் லெஜண்ட்ஸ்கிட்ட இருக்கு. போன மாசம் காலங்காத்தால நான் பேன்டத்த அங்க ஓட்டிட்டுப் போயி ரோட்டோரம் அஞ்சு நிமிஷம் இன்ஜின ஆப் பண்ணாம நிறுத்தி வச்சிருந்தேன்.

இப்போதைக்கு பாக்கி இருக்கிறது சைலன்சர் நுனிய வெல்டிங் பண்ணி திருப்பி சேர்க்கிற வேலை, அப்புறம் பின் பிரேக் லைனிங். பர்மிங்காம் பக்கம் யாராவது பேன்டத்த பெட்டில வச்சுக்கிட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம இருந்தா சொல்லுங்க. பெரியவரோட விட்வொர்த் செட்டும், கிளட்ச் ஸ்பிரிங்க அமுக்கிப் புடிக்கிற டூலும் என்கிட்ட இருக்கு, சனிக்கிழமை மதியத்துக்கு மேல கொண்டு வர்றேன்.